தாகம் தீரவில்லையா? தள்ளிப் போடாதீர்கள்!



நம் தோட்டப்புறங்களில் தாகத்தை யாரும் ஒரு நோயாக எண்ணுவதில்லை. வெயிலில் குலை வெட்டுகிறோம், உரம் போடுகிறோம், பால்மரம் சீவிவிட்டு வியர்வையில் நனைந்து வீடு திரும்புகிறோம். தாகம் எடுக்கத்தானே செய்யும்? இரவில் மூன்று நான்கு முறை எழுந்து வெளியே போனாலும், "வயசாகுதில்ல" என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆசிரியர் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நானே அப்படி எண்ணியிருந்தேன் என்பதுதான் வேதனை. அதற்கு என் தாயார் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

என் வீட்டில் நடந்தது

2007ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு அப்போது 51 வயது. இளம் வயதில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு அம்மா அடிக்கடி தண்ணீர் கேட்டார். படுக்கும்போது தலைமாட்டில் ஒரு ஜாடித் தண்ணீரை வைத்துக்கொள்வார். விடியும்போது ஜாடி காலியாக இருக்கும். இரவில் ஐந்து முறையாவது பின்கதவு திறக்கும் ஓசை கேட்கும். ஒரு நாள் எனக்குத் தூக்கம் கெட்ட எரிச்சலில், "ராத்திரியில ஏம்மா இவ்வளவு தண்ணி குடிக்கிற? குடிச்சா எழுந்திரிக்கத்தானே வேணும்!" என்று சொல்லிவிட்டேன். அம்மா மறுவார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து ஜாடி தலைமாட்டில் இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

உடம்புச் சூடு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சூட்டைத் தணிக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? சம்பளம் வாங்கியதும் சீனி போட்ட பார்லித் தண்ணீரும், சிரப்பும், டின் பானங்களுமாக வாங்கி அடுக்கினேன். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. நல்லாத்தானே சாப்பிடுகிறார் என்று பார்த்தால் ஆள் இளைத்துக்கொண்டே போனார். கையில் இறுக்கமாக இருந்த வளையல் தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. பின்பக்கத்துக் குளியலறை ஓரத்தில் எறும்பு சாரை சாரையாக வந்தது. அதற்கும் மண்ணெண்ணெய் ஊற்றினோமே தவிர, ஏன் வருகிறது என்று கேட்கவில்லை.

ஒரு நாள் செம்பனை முள் ஒன்று அம்மாவின் காலில் ஏறியது. அவருக்கு வலிக்கவே இல்லை. நான்காம் நாள் காலுறையில் ஈரம் இருப்பதைப் பார்த்துத்தான் புண்ணைக் கண்டோம். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இரத்தத்தில் சீனியின் அளவு 24. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"எத்தனை நாளாத் தாகம் இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார். "எட்டு மாசமா இருக்குங்க ஐயா" என்றார் அம்மா. மருத்துவர் என்னைத் திட்டவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

உழைத்த தாகமா, நோய்த் தாகமா?

வெயிலில் உழைப்பவருக்குத் தாகம் எடுப்பது இயற்கை என்றால், இதைப் பிரித்து அறிவது எப்படி? இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. சிறுநீரைப் பாருங்கள்.

வேலையில் வியர்வை போய்த் தாகம் எடுத்தால், உடம்பு தண்ணீரைச் சேமிக்கப் பார்க்கும். அப்போது சிறுநீர் குறைவாகவும், அடர்ந்த மஞ்சளாகவும் இருக்கும். தண்ணீர் குடித்து நிழலில் உட்கார்ந்தால் தாகம் அடங்கும். நோயினால் வரும் தாகம் இதற்கு நேர் எதிரானது. தாகமும் இருக்கும், சிறுநீரும் நிறையப் போகும். பெரும்பாலும் வெளுத்தும் இருக்கும். எவ்வளவு குடித்தாலும் வாய் உலரும். வேலையில்லாத நாளிலும், மழை பெய்யும் குளிர்ந்த இரவிலும் தாகம் விடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிக்கடி போவது வேறு. அதிகமாகப் போவது வேறு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக, எரிச்சலோடு போனால் அது சிறுநீர்க் குழாயில் கிருமி தொற்றியதாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு அவசரமாக வந்து, சொட்டுச் சொட்டாகப் போனால், விந்துப்பையை அடுத்துள்ள புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். இவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் அவை வேறு கதை. நாம் இங்கே பேசுவது ஒவ்வொரு முறையும் நிறையப் போவதைப் பற்றி.

எது நிறைய? வளர்ந்த ஒருவர் நாள் ஒன்றுக்குச் சாதாரணமாக 1 முதல் 2 லிட்டர் வரை சிறுநீர் கழிப்பார். 3 லிட்டருக்கு மேல் போனால் அது மிகை. ஐயம் இருந்தால் 1.5 லிட்டர் காலிப் போத்தல்களை வைத்து ஒரு நாள் அளந்து பாருங்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு போவதையெல்லாம், மறுநாள் காலையில் முதலில் போவது வரை சேர்த்து அளக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவருக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். ஆனால், அளந்த பிறகுதான் போவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

சீனி எப்படித் தண்ணீரை இழுக்கிறது?

நிறையத் தாகம், நிறையச் சிறுநீர் என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது நீரிழிவு நோய். இனிப்பு நீர் என்று நாம் சொல்வதும், மலாய்க்காரர்கள் கென்சிங் மானிஸ் என்று சொல்வதும் இதுதான்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் வயிற்றில் செரித்துச் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சீனி தசைக்குள் போனால்தான் உடம்புக்குப் பலம். அதற்குக் கதவைத் திறந்துவிடும் சாவிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு இதைச் சுரக்கிறது. இன்சுலின் சுரக்காவிட்டாலும், சுரந்தும் உடம்பு அதற்கு இணங்காவிட்டாலும், சீனி இரத்தத்திலேயே தேங்கிவிடும். வளர்ந்தவர்களிடம் நாம் அதிகம் காண்பது இரண்டாவது வகை.

நம் சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும்போது சீனியை வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தச் சீனி ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் சமாளிக்க முடிவதில்லை. சீனி சிறுநீரில் வழிகிறது. வழியும் சீனி தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. மழைநாளில் சீனி டின்னை மூடாமல் வைத்தால் அது ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சீனிக்குத் தண்ணீர்மேல் அவ்வளவு பிடிப்பு.

ஆகவே, நோயாளி நிறையக் குடிப்பதால் நிறையப் போவதில்லை. நிறையப் போவதால்தான் நிறையக் குடிக்கிறார். நான் என் தாயாரிடம் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் நிற்காது, உடம்புதான் வற்றும். இனிப்புப் பானம் கொடுப்பதோ எரியும் அடுப்பில் மேலும் விறகை வைப்பது போலாகும். உண்ட உணவின் பலம் சிறுநீரோடு போய்விடுவதால், நன்றாகச் சாப்பிட்டும் ஆள் இளைக்கிறார், களைக்கிறார்.

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் முன்னோர் அன்றே கண்டு மதுமேகம் என்று பெயரிட்டார்கள். இங்கிலாந்தில் மாத்யூ டாப்சன் என்ற மருத்துவர் 1776ஆம் ஆண்டில், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சீனியே என்று காட்டினார். 1889ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் மின்கோவ்ஸ்கியும் ஃபோன் மேரிங்கும், கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு நீரிழிவு வருவதைக் கண்டார்கள். கனடாவின் டொரோண்டோ நகரில் 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மரணம் நிச்சயம். இன்று மருந்து இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. எறும்பு வந்து சொல்லும்வரை நாம் காத்திருக்கலாமா?

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

தீராத தாகம், நிறையச் சிறுநீர், காரணமின்றி இளைத்தல், ஓயாத களைப்பு, மங்கலான பார்வை, ஆறாத புண், கால் மரத்துப்போதல் அல்லது எரிதல், பெண்களுக்கு மறைவிடத்தில் அரிப்பு - இவற்றில் எது இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் தாய் தந்தைக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நோய் இருந்தாலும், வயிறு பெருத்திருந்தாலும், கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்தாலும் இன்னும் கவனம் தேவை.

ஒன்றை நினைவில் வையுங்கள். அறிகுறியே இல்லாமலும் இந்த நோய் பல ஆண்டுகள் உடம்பில் குடியிருக்கும். 2019ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வில், வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தச் சீனி கூடியிருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இது அதிகம். நம் குடும்பங்களைப் பற்றித்தான் இந்தக் கணக்கு பேசுகிறது, வாசகர்களே!

பரிசோதனை எப்படி நடக்கும்?

பயப்பட ஒன்றுமில்லை. விரல் நுனியில் ஒரு சிறு குத்து, ஒரு சொட்டு இரத்தம். சில விநாடிகளில் கருவி எண்ணைக் காட்டிவிடும். தோட்டத்துக் கிளினிக்கில் கருவி இருந்தால் அங்கேயே பார்க்கலாம். இல்லையென்றால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். மலாய் சரளமாக வராது என்று தயங்குபவர்கள், "செலாலு ஹாவுஸ், கெராப் கென்சிங்" என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். எப்போதும் தாகம், அடிக்கடி சிறுநீர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

விரல் குத்திப் பார்ப்பது முதல் படி. சீனி கூடியிருந்தால் கையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்வார்கள். எண்களை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 8 மணி நேரம் எதுவும் உண்ணாமல், வெறும் வயிற்றில் எடுத்தால் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவு. 6.1 முதல் 6.9 வரை இருந்தால் நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று பொருள். சாப்பாட்டைப் பற்றிய கணக்கில்லாமல் எந்த நேரத்தில் எடுத்தாலும், 11.1 அல்லது அதற்கு மேல் இருந்து, தாகம் முதலிய அறிகுறிகளும் இருந்தால் அதுவும் நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையும் உண்டு. அதில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நோய் என்பது அனைத்துலக அளவு. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் அந்த எல்லை 6.3.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் போகும் நாளில் பசியாறாமல் போங்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம்; ஒரு மிடறு தே தண்ணீர் கூட வேண்டாம். ஆனால் தாகமும் இளைப்பும் இருப்பவர்கள், சாப்பிட்டுவிட்டோமே என்று நாளைக்குத் தள்ளிப் போட வேண்டாம். அப்படியே போய் விரலை நீட்டுங்கள்.

சீனி சரியாக இருந்தும் தாகம் தீராவிட்டால்?

எல்லாத் தாகமும் நீரிழிவு அல்ல. இரத்தச் சீனி சரி என்று தெரிந்த பிறகும் தாகமும் சிறுநீரும் குறையாவிட்டால், அதோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் மறுபடி சொல்லுங்கள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரிச் சுரப்பி இருக்கிறது. சிறுநீரகம் தண்ணீரை மீட்டுக்கொள்ளக் கட்டளையிடும் வாசோபிரெசின் என்ற சுரப்பு அங்கிருந்துதான் வருகிறது. தலையில் பலத்த அடி, கட்டி, அறுவைச் சிகிச்சை போன்றவற்றால் இது குறைந்தால் தண்ணீர் போலவே சிறுநீர் பெருகும். அதில் சீனி இருக்காது. இதை டயாபடீஸ் இன்சிபிடஸ் என்பார்கள். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பம் வருகிறது என்று, 2022ஆம் ஆண்டில் நிபுணர்கள் இதற்கு வாசோபிரெசின் குறைபாடு என்ற புதுப்பெயரை முன்வைத்தார்கள். இது அரிய நோய். டெஸ்மோபிரெசின் என்ற மருந்தால் கட்டுப்படும். இதைக் கண்டறியத் தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அது மருத்துவமனையில், மருத்துவர் கண்ணெதிரே நடக்க வேண்டியது. வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது, ஆபத்து!

இரத்தத்தில் கால்சியம் கூடுவதும், சிறுநீரகக் கோளாறும் இப்படிச் செய்யலாம். இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். மனநோய்க்குத் தரும் லித்தியம் மருந்தும் சிலருக்குத் தாகத்தைக் கூட்டும். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம்.

மருந்தும் உணவும்

நீரிழிவு என்று உறுதியானால் பலருக்கும் முதலில் கொடுப்பது மெட்ஃபார்மின் மாத்திரை. சாப்பாட்டோடு சாப்பிட்டால் வயிற்றுக் கோளாறு குறையும். போதாவிட்டால் வேறு மாத்திரைகளும், தேவையானால் இன்சுலினும் தருவார்கள். புதிய மாத்திரைகளில் ஒரு வகை, சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். அதைச் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் சற்றுக் கூடுதலாகப் போகலாம். ஐயமிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "இன்சுலின் போட்டா கடைசிக் கட்டம்" என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அது தவறு. உடம்பில் இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

மருந்து சாப்பிட்ட சில வாரங்களில் தாகம் அடங்கிவிடும். இரவில் நல்ல தூக்கம் வரும். அப்போதுதான் பலர் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்! தாகம் அடங்கியது மருந்து வேலை செய்வதால். நிறுத்தினால் சீனி ஓசையில்லாமல் ஏறும். கண்ணையும், சிறுநீரகத்தையும், இருதயத்தையும், கால் நரம்புகளையும் அரிக்கும். பாகற்காயும் வெந்தயமும் உணவாகச் சாப்பிடலாம். மருந்துக்கு ஈடாக அல்ல. பேர் தெரியாத பொடிகளையும் குளிகைகளையும் நம்ப வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஆங்கில மருந்தையே அளவில்லாமல் கலந்து விற்றது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

உணவில் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு-சுக்கு-செப்பாரோ முறை எளிது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. பாதித் தட்டு காய்கறியும் பழமும். கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். ஆகவே கடையில் தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங் கேளுங்கள். டின் பானம் வாங்கினால் அதன் பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லியில் 10 கிராம் சீனி என்றிருந்தால், 325 மில்லி டின்னில் 32 கிராமுக்கு மேல். அதாவது எட்டுத் தேக்கரண்டி! வீட்டில் யாராவது எட்டுக் கரண்டி போட்டுத் தே கலக்குவார்களா?

வேலைக்காட்டுக்கு வெறும் தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். "காட்டுல நடக்கிற நடை போதாதா?" என்று கேட்பீர்கள். வேலைக்காட்டு நடை நல்லதுதான். ஆனால் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெரியவர்கள்தான் மாலையில் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். சிகரெட்டையும் மதுவையும் விடுவது கால் இரத்தக்குழாய்களுக்குச் செய்யும் பேருதவி.

கால்களைத் தினமும் பாருங்கள். சப்பாத்தைப் போடுமுன் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். குளித்தபின் விரலிடுக்கைத் துடையுங்கள். குனிய முடியாத பெரியவருக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வலிக்கவில்லை என்பதற்காகப் புண்ணைச் சிறிதாக எண்ண வேண்டாம். என் தாயாருக்கும் வலிக்கவில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

கடும் தாகத்தோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம், பேச்சுக் குழறல் - இவற்றில் ஏதேனும் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 999 எண்ணை அழையுங்கள்.

இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போனால், சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், கண் இருளும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். தெளிந்ததும் பிஸ்கட்டோ சாப்பாடோ சாப்பிட வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆகவே நோயாளிகள் பசியாறாமல் காட்டுக்குப் போகக் கூடாது. சட்டைப்பையில் கொஞ்சம் மிட்டாய் இருக்கட்டும். கூட வேலை செய்பவருக்கும் விவரம் சொல்லி வையுங்கள்.

ஒரு மாணவி சொன்ன செய்தி

2022ஆம் ஆண்டு. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடல்நலத்தைப் பற்றிச் சொல்லும்போது, தாகத்தைப் பற்றியும் சொன்னேன். ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, எங்கப்பா ராத்திரியில பெரிய ஜாடித் தண்ணியக் குடிச்சிடுவாரு. இளைச்சும் போயிட்டாரு" என்றாள்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். குலை வெட்டும் தொழிலாளி, வயது 36. "என்னங்க வாத்தியாரே, எனக்கு என்ன வயசாயிடுச்சு? கிளினிக்குக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குலைக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயமல்ல. நான் வாதாடவில்லை. அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். எட்டு மாதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் மனைவி எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்குப் போறோம்ண்ணே" என்றார்.

கருவி 17 என்று காட்டியது. இன்று அவர் மாத்திரை சாப்பிடுகிறார். தே ஓ கோசோங் குடிக்கிறார். அதே தோட்டத்தில் அதே குலையைத்தான் வெட்டுகிறார். இரண்டு காலும் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

சம்பளத்தை எண்ணித் தயங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 14 நாள். ஆண்டுகள் கூடினால் நாள்களும் கூடும்.

என் தாயார் 2007க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். மருந்தை ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் யாராவது அடிக்கடி தண்ணீர் கேட்டால், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "ராத்திரியில எத்தனை தடவை எழுந்திரிக்கிற?" என்று கேட்பார். அவர் கேட்டதால் கிளினிக்குக்குப் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் பலர்.

வாசகர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் பின்கதவு எத்தனை முறை திறக்கிறது என்று கவனியுங்கள். மூன்று நான்கு முறை திறந்தால், தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்; கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் மொண்டு கொடுங்கள். விடிந்ததும் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.